மலைத்தடங்களில் ஓட்டப் பழைய ஜீப் வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பில் வேலை செய்துகொண்டு, வார இறுதிகளிலும் நீண்ட விடுமுறைகளிலும் மீமுரே, பம்பரகந்த, உடவேரிய போன்ற இடங்களின் கரடுமுரடான தடங்களில் ஓட்டுவதற்காகப் பழைய ஜீப் ஒன்றை வாங்க விரும்புவோருக்காக இக்கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. எல்லாப் பதில்களும் ஒரே கருத்தைச் சார்ந்து நிற்கின்றன. செஸி எனப்படும் அடிச்சட்டமும் பத்திரங்களும் சுத்தமாக உள்ள, கூடியவரை கைவைக்கப்படாத வாகனத்தையே வாங்க வேண்டும். எஞ்சினைப் பிரித்துத் திருத்தலாம், கியர் பொக்ஸை மாற்றலாம். ஆனால் உக்கிப்போன செஸியையும் வில்லங்கமான பதிவையும் வாங்கிய பிறகு சீராக்குவது பெரும்பாலும் இயலாத காரியம்.

பழைய வாகனம்தான் வேண்டுமா? புதிதாக ஒன்றை வாங்கினால் என்ன?

பணம் இருந்தால் வாங்கலாம். ஆனால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. திறந்த பின்னரும் வரிகளைச் சேர்த்துப் பார்த்தால், உண்மையான நான்கு சில்லு உந்து வாகனமொன்று சாதாரண மாதச் சம்பளக்காரருக்கு எட்டாத விலையிலேயே நிற்கிறது. அதற்கும் மேலாக, பல இலட்சங்கள் வரி செலுத்தி வாங்கிய புதிய வாகனத்தைக் கல்லிலும் முள்ளிலும் உரச யாருக்கும் மனம் வராது.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் செய்யப்பட்ட ஜீப்புகளுக்கு வேறொரு தகுதியும் உண்டு. அவற்றின் டீசல் பம்ப், ஹப், ஸ்டியரிங் பொக்ஸ் ஆகியவற்றை ஹுன்னஸ்கிரியாவில் உள்ள ஒரு சிறு கராஜிலும் பிரித்துப் பார்க்க முடியும். கணினி இணைத்துக் கோளாறு தேட வேண்டிய வாகனம் மலையில் நின்றுவிட்டால், அதை இறக்கிக் கொழும்புக்குக் கொண்டுவருவதைத் தவிர வேறு வழியில்லை.

'ஃபோர் வீல்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் போதுமா?

போதாது. பார்வைக்கு ஜீப் போலத் தோன்றும் பல வாகனங்கள் காரின் உடலமைப்பின் மீது கட்டப்பட்டவை. முன்சில்லு வழுக்கும்போது பின்சில்லுக்கும் கொஞ்சம் சக்தியை அனுப்பும் அவ்வளவுதான். மழைக்கால வீதிக்கும் புல்வெளிக்கும் அது உதவும். தடங்களில் ஓட்டுவதற்கு மூன்று அம்சங்கள் அவசியம்: உடலிலிருந்து தனியாக உள்ள ஏணி வடிவச் செஸி, எஞ்சின் சக்தியை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பிரித்து அனுப்பும் ட்ரான்ஸ்பர் கேஸ், அதில் 'லோ' எனப்படும் தாழ்ந்த கியர் வரிசை.

லோ கியரை ஏறுவதற்கான ஏற்பாடு என்று மட்டும் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது இறங்கும்போதுதான் உயிரைக் காக்கிறது. ஈரமான செம்மண் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் சில்லு பூட்டிக்கொண்டு வாகனம் சறுக்கும். லோவில் முதலாம் கியரில் போட்டு, கால்களை எல்லாப் பெடல்களிலிருந்தும் எடுத்துவிட்டால், எஞ்சினே வாகனத்தைப் பிடித்து நடைவேகத்தில் இறக்கும். லேண்ட் ரோவர் டிஃபென்டரின் ட்ரான்ஸ்பர் கேஸில் இந்தத் தாழ்வு விகிதம் 3.32; எண் கூடினால் வாகனம் அந்த அளவுக்கு மெதுவாக ஊரும். இரண்டாம் தலைமுறைப் பஜேரோவில் ஏறத்தாழ 1.9 மட்டுமே. செங்குத்தான இறக்கத்தில் இரண்டையும் ஓட்டினால் அந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

பழைய ஜீப்புகளில் பெரும்பாலானவை 'பார்ட் டைம்' வகையைச் சேர்ந்தவை. முன்னச்சும் பின்னச்சும் ஒன்றாகப் பூட்டப்படுவதால், உலர்ந்த தார் வீதியில் நான்கு சில்லில் போட்டுத் திருப்பினால் கியர்கள் முறுக்கிக்கொண்டு சேதமாகும். 1991இல் வந்த பஜேரோவின் சூப்பர் செலக்ட் முறையில் தார் வீதியிலும் நான்கு சில்லில் ஓட்டலாம். டிஃபென்டர் எப்போதும் நான்கு சில்லிலேயே ஓடும், முன், பின் அச்சுகள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டிக்கொள்ளும் வசதியும் அதில் உண்டு.

எந்த வாகனத்தை வாங்கலாம்?

ஓட்டப்போகும் இடமும் உடன் வருவோரின் எண்ணிக்கையுமே இதைத் தீர்மானிக்க வேண்டும்.

இருவராகப் போவதற்குச் சுசுகி ஜிம்னியை விஞ்ச ஒன்றுமில்லை என்பது என் உறுதியான கருத்து. பழைய எஸ்ஜே410, எஸ்ஜே413 வகைகளும், 1998 முதல் வந்த கொயில் ஸ்பிரிங் வகையும் ஒரு தொன்னை ஒட்டிய எடையே கொண்டவை. பெரிய வாகனங்கள் புதைந்துபோகும் சேற்றின் மேலாக அவை மிதந்தாற்போல் போய்விடும். தேயிலைத் தோட்டத்துக் குறுகிய திருப்பங்களில் பின்னுக்கு எடுக்காமலே திரும்பும். ஆனால் கொழும்பிலிருந்து கண்டி வரை, லீஃப் ஸ்பிரிங் (தகட்டு வில்) பூட்டிய எஸ்ஜே410இல் 970 சிசி எஞ்சினுடன் போவது முதுகுக்கும் பொறுமைக்கும் சோதனை.

குடும்பத்துடன் போவோருக்கு இரண்டாம் தலைமுறைப் பஜேரோ பொருத்தமானது. இருக்கை வசதி, ஏசி, உதிரிப்பாகம் மூன்றும் இதற்கு நம் நாட்டில் தாராளம். இதன் 2.5 லீற்றர் 4டி56 எஞ்சினில் டைமிங் பெல்ட்டுடன் பேலன்ஸ் பெல்ட் என்ற இன்னொரு சிறு பெல்ட்டும் உண்டு. அந்தச் சிறு பெல்ட் அறுந்து டைமிங் பெல்ட்டில் சிக்கினால் வால்வுகள் வளைந்துவிடும். ஆகவே பெல்ட்டுகள் எப்போது மாற்றப்பட்டன என்பதற்குப் பற்றுச்சீட்டு இல்லையென்றால், மாற்றப்படவில்லை என்றே கொள்ள வேண்டும். சூடேறினால் இதன் சிலிண்டர் ஹெட்டில் (எஞ்சினின் மேல்பாகம்) வெடிப்பு விழுவதும் அறிந்த குறைபாடுதான். 2.8 லீற்றர் 4எம்40இல் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின் இருப்பதால், இரண்டும் ஒரே விலைக்குக் கிடைத்தால் நான் 2.8 ஐயே தெரிவு செய்வேன்.

4டிஆர்5 என்று நம்மவர் அழைக்கும் மிட்சுபிஷி ஜீப், அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் உரிமம் பெற்று ஜப்பானில் 1953 முதல் 1998 வரை செய்யப்பட்ட பரம்பரையைச் சேர்ந்தது. முன்னும் பின்னும் திடமான அச்சு, லீஃப் ஸ்பிரிங், 2.7 லீற்றர் டீசல் எஞ்சின் என எல்லாம் எளிமையானவை. மலைநாட்டுத் தோட்டங்களில் இன்றும் பாரம் சுமப்பது இதற்கான சிறந்த சான்றிதழ். காலி வீதியின் நெரிசலில் நாளாந்தம் ஓட்டுவதற்கு மட்டும் இதை வாங்க வேண்டாம்.

டொயோட்டா லேண்ட் குரூஸர் 70 வரிசை 1984இல் அறிமுகமானது. உறுதியில் அதற்கு இணை அரிது, அதற்கேற்ப விலையும் உயர்வு. ஆனால் அவ்வரிசையின் இலகு ரகமான எல்ஜே70இல் உள்ள 2எல்-டி டர்போ எஞ்சினிலும் ஹெட் வெடிக்கும் பிரச்சினை உண்டு என்பதால், டொயோட்டா என்ற பெயரை மட்டும் நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுக்கக் கூடாது. திடமான முன்னச்சுக் கொண்ட ஹைலக்ஸ் எல்.என்.106 டபள் கெப் நல்ல தெரிவு. வெறும் பெட்டியுடன் ஏறும்போது பின்பக்கம் துள்ளும். டிஃபென்டர் தடத்தில் அரசன்தான். ஆனால் அதன் அலுமினிய உடல் துருப்பிடிக்காமல் பளபளக்கும்போதே, அடியில் உள்ள இரும்புச் செஸி உக்கிப்போயிருக்கலாம்.

டீசலா, பெட்ரோலா?

ஜிம்னி என்றால் பெட்ரோல், மற்றவை என்றால் டீசல். பழைய டீசலுக்குத் தாழ்ந்த சுழற்சியில் இழுவை அதிகம். தீப்பொறி முறை இல்லாததால் நீரோடையைக் கடக்கும்போது ஈரத்தால் நின்றுவிடுவதும் குறைவு.

செஸியை எப்படிப் பரிசோதிப்பது?

வாகனத்தை வாங்கலாமா என்ற கேள்விக்கு முக்கால்வாசி விடை இங்கேயே கிடைத்துவிடும் என்பதால், இதற்கு ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குங்கள். கழுவி, வெயிலில் நிறுத்தி, மினுக்கிக் காட்டப்படும் இடத்தில் பார்க்க வேண்டாம். அருகில் உள்ள சேர்விஸ் நிலையத்தில் ஹொயிஸ்டில் ஏற்றிப் பார்க்க உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். மறுத்தால் அத்துடன் விடைபெறலாம்.

கையில் ஒரு டோர்ச், ஒரு சிறிய சுத்தியல், ஒரு தட்டையான ஸ்க்ரூ ட்ரைவர் இருந்தால் போதும். பின்னச்சுக்கு மேலாகச் செஸி வளைந்து செல்லும் இடம், ஸ்பிரிங் தொங்கும் கொக்கிகள், பின் குறுக்குச் சட்டம், உடல் அமர்ந்திருக்கும் ரப்பர்களின் அடி ஆகியவற்றில்தான் சேறு தங்கி உள்ளிருந்து அரிக்கும். சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே செல்லுங்கள். நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். உக்கிய இடத்தில் ஒலி மந்தமாகும், சில வேளைகளில் பெட்டிச் சட்டத்துக்குள் துருத் துகள்கள் சரசரவென விழும் சத்தமும் கேட்கும்.

அடிப்பகுதி முழுவதும் புத்தம்புதிதாகக் கறுப்புப் பூச்சு அடிக்கப்பட்டிருந்தால் மகிழ வேண்டாம். வெல்லம்பிட்டியில் நான் பார்த்த ஒரு ஜீப்பில் அப்படித்தான் கண்ணாடிபோல் பூச்சு பூசப்பட்டிருந்தது. பின் ஸ்பிரிங் கொக்கியின் அருகே ஸ்க்ரூ ட்ரைவர் முனையை வைத்து அழுத்தியதும், பூச்சு தோலாக உரிந்தது. அதனடியில் கண்ணாடியிழையும் பசையும் கொண்டு நிரப்பிய ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. அந்தக் கொக்கி, ஆட்களையும் பொருட்களையும் ஏற்றிய வாகனத்தின் பின்பாரத்தைத் தாங்க வேண்டிய உறுப்பு.

ஸ்டியரிங் பொக்ஸ் பூட்டப்பட்டுள்ள இடத்தைச் சுற்றி வெடிப்புகள் உண்டா என்றும் பார்க்க வேண்டும்; பெரிய டயர் போட்டுக் கடுமையாக ஓட்டிய வாகனங்களில் அங்கேதான் முதலில் வெடிக்கும். கடற்கரையை ஒட்டி, வெள்ளவத்தை, கல்கிசை, மொறட்டுவைப் பகுதிகளில் நீண்ட காலம் திறந்தவெளியில் நின்ற வாகனங்களையும், வெள்ளத்தில் மூழ்கியவையோ எனச் சந்தேகிக்கத்தக்கவற்றையும் இருமடங்கு கவனத்துடன் பார்க்க வேண்டும். 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவை, கடுவெலைப் பகுதிகளே நீரில் நின்றன. இருக்கைகளின் தண்டவாளத்தில் துரு, டாஷ்போர்டுக்குப் பின்னால் வயர்களுக்கிடையே உலர்ந்த வண்டல், கம்பளத்தடியில் ஈரவாடை ஆகியவை மூழ்கிய வாகனத்தைக் காட்டிக்கொடுக்கும்.

எஞ்சினில் எதைக் கவனிக்க வேண்டும்?

நீங்கள் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பொனட்டைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் இன்னொரு நாள் வாருங்கள். குளிர்ந்த நிலையில் எழாத எஞ்சினை யாரோ உங்களுக்காக முன்னமே எழுப்பி வைத்திருக்கலாம். ரேடியேட்டர் மூடியைக் குளிரிலேயே திறந்து வைத்துவிட்டு எஞ்சினை இயக்கினால், நீரில் இடைவிடாமல் குமிழிகள் எழுவது ஹெட் அல்லது கேஸ்கட் பழுதின் அடையாளம். ஓய்ல் மூடியைத் திறந்தால் இலேசான ஆவி வருவது வழமை. மூடியைத் தள்ளிவிடுமளவு புகை பீறிட்டால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன.

கறுப்புப் புகையை நோசிலும் பம்பும் பார்த்துக் குறைக்கலாம். நீலப் புகை ஓய்ல் எரிவதைக் குறிக்கும். சூடேறிய பிறகும் நிற்காத வெண்புகை பெரிய செலவைக் குறிக்கும். வருடாந்தப் புகைப் பரிசோதனையில் தேறினால்தான் வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க முடியும் என்பதால், கடைசிப் பரிசோதனைச் சான்றிதழையும் கேட்டுப் பாருங்கள்.

நான்கு சில்லு முறை இயங்குகிறதா என்பதை நகரத்துக்குள் எப்படி அறிவது?

ஈரமான புல்லோ சரளையோ உள்ள ஒரு வெற்றுக்காணி போதும். முன்சில்லுகளை அச்சுடன் இணைக்கும் ஹப்புகளைப் பூட்டி, நான்கு சில்லில் போட்டு, மெதுவாக வட்டமடியுங்கள். முன்சில்லுகள் இழுக்கும்போது ஸ்டியரிங் கனக்கும். டக் டக் என்ற சத்தம் முன்பக்கத்தில் கேட்டால் முன்சில்லுகளுக்குச் சக்தியைக் கொண்டுசெல்லும் சி.வி. மூட்டுகள் தேய்ந்துள்ளன. அடுத்து, நிறுத்திவிட்டு லோவில் போட்டு முதலாம் கியரில் கால் எடுத்தால், வாகனம் ஊர்ந்து செல்ல வேண்டும். பல வருடங்களாக நகர வீதியில் மட்டும் ஓடிய வாகனங்களில் இந்த நெம்புகோல் இறுகிப்போயிருப்பது வழமை. 'ஒருநாளும் போட்டதில்லை, அதனால் புதுசு மாதிரி' என்று விற்பவர் சொன்னால், அது நல்ல செய்தி அல்ல.

அச்சில் உள்ள டிஃபரன்ஷியலின் ஓய்ல் அடைப்பைக் கழற்றி விரலில் தொட்டுப் பார்க்க வேண்டும். தெளிந்த ஓய்ல் நல்லது. பால் தேநீரின் நிறத்தில் இருந்தால் நீர் புகுந்திருக்கிறது. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த ஓடைக்குள் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல்களின் வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளும். அதைத் தடுக்கும் காற்றுக் குழாய் அடைபட்டிருப்பதோ உடைந்திருப்பதோதான் பெரும்பாலும் காரணம். சில நூறு ரூபாய்க் குழாயை உயரத்துக்கு இழுத்து விட்டிருந்தால் தவிர்க்கக்கூடிய சேதம் அது.

பத்திரங்களில் எதைப் பார்க்க வேண்டும்?

பதிவுச் சான்றிதழில் உள்ள செஸி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வாகனத்தில் பொறிக்கப்பட்டவற்றுடன் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பழைய ஜீப்புகளுக்கு வேறு எஞ்சின் மாற்றுவது இங்கு சர்வசாதாரணம். மாற்றியது தவறல்ல, அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல் விட்டதுதான் தவறு. செஸி இலக்கத்தைச் சுற்றி அரைத்த தடமோ வெல்டிங் தழும்போ புதுப் பூச்சோ இருந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. இரண்டு வாகனங்களை ஒன்றாக்கியதையோ களவு வாகனத்துக்குப் பழைய பதிவொன்றைப் பொருத்தியதையோ அது குறிக்கலாம். பிடிபடும்போது வாகனமும் போகும், வழக்கும் உங்கள் தலையில் விழும்.

'ஓபன் பேப்பர்' எனப்படும் முறையில், பதிவு உரிமையாளர் வெற்று மாற்றப் படிவங்களில் ஒப்பமிட்டுக் கொடுக்க, அது கைமாறிக் கைமாறி உங்களிடம் வரும். அந்த முதல் உரிமையாளர் வெளிநாடு சென்றிருக்கலாம், காலமாகியும் இருக்கலாம். பதிவில் பெயர் உள்ளவரை நேரில் சந்தித்து, அடையாள அட்டையைப் பார்த்து, அவர் முன்னிலையில் ஒப்பம் பெறுவதையே நிபந்தனையாக வையுங்கள். சான்றிதழில் லீசிங் நிறுவனத்தின் பெயரும் இருந்தால், அதை நீக்கிய பின்னரே முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டும். நாரஹேன்பிட்டியில் உள்ள திணைக்களத்துக்கு ஒரு நாள் அலைவதைப் பாரமாக எண்ணாதீர்கள்.

உயர்த்தி, பெரிய டயர், வின்ச் (வாகனத்தை இழுக்கும் கம்பிச்சுருள் பொறி) எல்லாம் பூட்டிய வாகனம் கிடைக்கிறது. அதுவே இலாபம் அல்லவா?

அந்தப் பொருட்களின் விலையைக் கூட்டிப் பார்த்தால் இலாபம் போலவே தெரியும். ஆனால் அவற்றைப் பூட்டியவர் அவற்றைப் பயன்படுத்தியும் இருப்பார். அளவுக்கு மீறி உயர்த்தினால் அச்சுக்குச் சக்தி கொண்டுசெல்லும் ப்ரொப்பலர் தண்டின் கோணம் கூடி மூட்டுகள் தேயும், ஸ்டியரிங் ஆடும், புரளும் அபாயமும் கூடும். கம்பனி கொடுத்த உயரத்தில், கம்பனி கொடுத்த வயரிங்குடன் இருக்கும் ஒரு சலிப்பூட்டும் ஜீப்பை வாங்கி, தேவை தெரிந்த பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ப்பதே நல்லது. முதலில் சேர்க்க வேண்டியது முன்னும் பின்னும் செஸியில் போல்ட் பண்ணிய உறுதியான இழுவைக் கொக்கி. மற்றவை அதற்குப் பின்னர்.

டயர்கள்?

பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள்: முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு வருடத்தையும் குறிக்கும். டயரின் பூ (தரையைத் தொடும் வரிகள்) நிறைய இருந்தாலும் பத்து வருடப் பழைய டயரை நம்பி மலையேற வேண்டாம். வார நாட்களில் கொழும்பிலும் ஓடும் வாகனத்துக்கு வீதிக்கும் தடத்துக்கும் பொதுவான ஓல் டெரெய்ன் வகையே போதும். சேற்றிலோ மணலிலோ காற்றை 20 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்தால் கிடைக்கும் பிடிப்பு, விலையுயர்ந்த டயர் தரும் பிடிப்புக்குக் குறையாது; திரும்பிவரும்போது நிரப்பிக்கொள்ள ஒரு சிறு பம்ப் கையில் இருக்க வேண்டும்.

எவ்வளவு பணத்தை ஒதுக்கி வைக்க வேண்டும்? உதிரிப்பாகங்கள் எங்கே?

கையில் உள்ள தொகை முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கையாவது தனியே வையுங்கள். வாங்கியவுடன் எல்லா ஓய்ல்களையும், பெல்ட்டுகளையும், ரேடியேட்டர் ஹோஸ்களையும், பிரேக் ரப்பர்களையும் மாற்றுவதற்கு அது சரியாகிவிடும். பாவித்த பாகங்களுக்குப் பஞ்சிகாவத்தையும் தெல்கந்தையும் நம் அனைவருக்கும் தெரிந்த இடங்கள். வாகனத்தைத் தெரிவு செய்வதற்கு முன்பே ஒருநாள் பஞ்சிகாவத்தைக்குப் போய், அந்த மொடலின் ஹப், ட்ரான்ஸ்பர் கேஸ், ஹெட் ஆகியவற்றின் விலையை விசாரியுங்கள். கடைக்காரர் உடனே விலை சொன்னால் பாகம் கிடைக்கும். தலையைச் சொறிந்து 'பார்த்துச் சொல்கிறேன்' என்றால் மொடலை மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

வாங்கிய பின் எங்கே ஓட்டலாம்?

காட்டுக்குள் நினைத்த இடமெல்லாம் ஓட்ட முடியாது. நக்கிள்ஸ் மலைத்தொடர், ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலை வனம் ஆகியன 2010இல் மத்திய மலைநாடு என்ற பெயரில் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. அங்கு அனுமதிக்கப்பட்ட பாதையை விட்டு ஒரு சில்லுகூட இறங்கக் கூடாது. முதற்பயணத்துக்கு ஹுன்னஸ்கிரியாவிலிருந்து லூல்வத்தை, கோர்பட்ஸ் கெப் வழியாக மீமுரேக்குச் செல்லும் வீதி நல்ல பயிற்சி. கலுபஹனவிலிருந்து பம்பரகந்த நீர்வீழ்ச்சியைக் கடந்து, உடவேரிய வழியாக ஓஹியாவுக்கு ஏறும் தடம் அதைவிடக் கடினம். அங்கு இரண்டு வாகனங்களாவது சேர்ந்து போக வேண்டும். மழை ஓயாத ஒக்டோபர், நவம்பர் மாதங்களை முதற்பயணத்துக்குத் தவிருங்கள்.

தோட்டப் பாதைகள் நமக்குப் பொழுதுபோக்கு. அங்கு வாழும் நம் மக்களுக்கு அவையே பாடசாலைக்கும் ஆஸ்பத்திரிக்குமான ஒரே வழி. ஈரத்தில் சில்லைச் சுழற்றிப் பள்ளம் பறித்துவிட்டு வந்தால், மறுநாள் கொழுந்து லொறியும் ஆட்டோவும் அதில் சிக்கும். தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி பெற்று, லயன்களின் அருகே நடைவேகத்தில் செல்லுங்கள்.

பயணம் முடிந்து வீடு திரும்பியதும் என்ன செய்வது?

அடிப்பகுதியைக் கழுவுங்கள், குறிப்பாகச் செஸியின் உட்புறத்தைத் துளைகள் வழியே. நீரில் இறங்கியிருந்தால், முன் பின் டிஃபரன்ஷியல் இரண்டின் ஓய்லையும் அந்த வாரத்துக்குள்ளேயே திறந்து பாருங்கள். கலங்கியிருந்தால் அடுத்த சேர்விஸ் வரை காத்திராமல் அப்போதே மாற்றிவிட வேண்டும்.